மிட்டாய்ப் பையும் நம் மக்களும்

இல்லமும் மழலையும் பகுதி

புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கும் காலத்தில், தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் இல்லங்களில் இனிப்பின் ஆட்சி தொடங்கிவிடுகிறது. நவராத்திரியின் எட்டாம் நாளிலோ ஒன்பதாம் நாளிலோ, பஞ்சாபிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த அண்டை வீட்டார் நம் சிறுமியரை அழைத்து, பூரியும் கொண்டைக்கடலையும் அல்வாவும் பரிமாறி அனுப்புகிறார்கள். விஜயதசமி முடிந்ததும் வங்காளத்து வீடுகளில் தேங்காய் உருண்டை காத்திருக்கிறது. தீபாவளிக்கோ சொல்ல வேண்டுவதில்லை. அலுவலகத்திலிருந்து வரும் பெட்டிகள் மேசைமேல் கோபுரமாக எழுகின்றன. நவம்பர் 14 குழந்தைகள் தினத்தன்று பள்ளியிலே மிட்டாய். வகுப்பில் எவருக்கேனும் பிறந்தநாள் என்றால் அன்றும் மிட்டாய். இவ்வரிசையில் சில ஆண்டுகளாகப் புதியதொரு நாளும் வந்து சேர்ந்திருக்கிறது. அக்டோபர் 31 அன்று மாலை, குருகிராமிலும் பெங்களூரிலும் மும்பையிலும் உள்ள பெரிய அடுக்ககங்களில், பேயாகவும் சூனியக்காரியாகவும் வேடம் புனைந்த சிறுவர் சிறுமியர் கையில் பையுடன் கதவு கதவாகத் தட்டி வருகிறார்கள். அதுவே ஹாலோவீன்.

அந்நாளின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். நவம்பர் முதல் நாள் கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவரின் திருநாள். மறுநாள் இறந்தோரை நினைக்கும் நாள். நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் அதனைக் கல்லறைத் திருநாள் என்று போற்றுவதை நாம் அறிவோம். புனிதர் அனைவரின் திருநாளுக்கு முன்னிரவே ஹாலோவீன். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கிய வழக்கங்கள், குடியேறிய மக்களோடு கடல் கடந்து அமெரிக்கா சென்றன. வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்கும் பழக்கம் அங்கே 1930களில் பரவியது. உலகப் போரின்போது சர்க்கரைப் பங்கீட்டினால் மங்கியது. பங்கீடு நீங்கிய பின்னர் மிட்டாய் வணிகர்களின் ஊக்கத்தால் பெருகியது. ஊரை விட்டுப் பிரிந்து சென்றவர்கள் தம்மோடு தூக்கிச் சென்ற விழா அது என்பது, நம்மைப் போன்றவர்களுக்குச் சுவையான செய்தியே அன்றோ?

இந்நாளைக் குறித்து நம் குடும்பங்களில் இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. “இது எந்த ஊர் வழக்கம்? பேய் வேடமும் பிச்சைப் பையும் நமக்கு எதற்கு?” என்று கதவைச் சாத்துவோர் ஒரு சாரார். “ஒரு நாள்தானே, போகட்டும்” என்று பையையும் பிள்ளையையும் தம் போக்கில் விட்டுவிடுவோர் மற்றொரு சாரார். 2024-ஆம் ஆண்டில் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தபோது, இவ்விரு சாராரின் வாதமும் பல வீடுகளில் உச்சத்தை எட்டியது. நம் கருத்து இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. குழந்தை அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவதைத் தடுக்க வேண்டுவதில்லை. ஆனால் அந்த ஒரு மாலை பதினைந்து நாளாக நீளுவதைத் தடுத்தே ஆக வேண்டும்.

முதலில் கதவைப் பற்றிச் சொல்லுவோம். வீடு வீடாகச் சென்று தின்பண்டம் பெறும் வழக்கம் நமக்குப் புதிதன்று. கொலு நாள்களில் பாவாடை கட்டிய சிறுமியர் தெரு முழுவதும் சென்று பாட்டுப் பாடிச் சுண்டல் வாங்கி வந்ததை நம் தாய்மார் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். பஞ்சாபியர் லோடி கொண்டாடும் ஜனவரி 13-ஐ ஒட்டி, அவர்தம் குழந்தைகள் வீடு வீடாகப் பாடிச் சென்று, எள்ளும் வெல்லமும் சேர்ந்த ரேவடியும் கஜக்கும் நிலக்கடலையும் பெற்று வருவார்கள். மராத்தியர் இல்லங்களில் மகர சங்கராந்தியை ஒட்டி, சிறு குழந்தையை மணையில் இருத்தி, தலைமேல் இலந்தைப் பழமும் பொரியும் கரும்புத் துண்டும் மிட்டாயும் சொரிவார்கள். சுற்றி நிற்கும் சிறுவர்கள் ஓடி ஓடிப் பொறுக்குவார்கள். குழந்தைக்கு இனிப்பு வழங்கி ஊரோடு உறவாக்குவது எல்லா மக்களுக்கும் பொதுவான அறம்.

நம்மைப் போன்று மொழி வேறுபட்ட ஊரில் வாழ்பவர்களுக்கு அது மேலும் ஒரு நன்மை செய்கிறது. மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகளின் மொழி வேறு. வீட்டில் நாம் பேசும் மொழி வேறு. இந்தியைத் தயங்கித் தயங்கிப் பேசும் நம் குழந்தை, மற்றக் குழந்தைகளோடு கூட்டமாகச் சென்று ஒரு கதவைத் தட்டும் அந்த மாலையில், அக்கூட்டத்தில் ஒருவனாகிவிடுகிறான். “நீ போகக் கூடாது” என்று அவனைச் சன்னலருகே நிறுத்திவிடுவது, ஒரு பை மிட்டாயைவிடப் பெரிய கேடு என்றே நாம் கருதுகிறோம்.

இனிப் பையைப் பற்றிப் பேசுவோம். இனிப்பால் பல் கெடும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் எவ்வாறு கெடுகிறது என்பதை அறிந்தவர் சிலரே. நம் பற்களின்மேல் படியும் மெல்லிய படலத்தில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. சர்க்கரை வாய்க்குள் சென்ற சில நிமிடங்களிலேயே அவை அதனை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலிலிருந்து தாதுப் பொருளைக் கரைக்கிறது. பிறகு உமிழ்நீர் மெல்ல அவ்வமிலத்தைத் தணித்து, இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. இதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை ஆகலாம். இதிலிருந்து பெறப்படுவது யாது? ஐந்து மிட்டாயை உணவோடு ஒரே வேளையில் தின்றால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே ஐந்தை மணிக்கு ஒன்றாக மாலை முழுவதும் தின்றால் ஐந்து தாக்குதல். உமிழ்நீர் வேலையை முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பல்லின் கணக்கில் எத்தனை மிட்டாய் என்பதைவிட எத்தனை முறை என்பதே முதன்மையானது.

இவ்வுண்மை நிலைநாட்டப்பட்ட விதம் வருந்தத்தக்கது. சுவீடன் நாட்டில் விபேஹோல்ம் என்னும் மனநல விடுதியில் 1945 முதல் சில ஆண்டுகள், அங்கிருந்த நோயாளிகளுக்கு அவர்தம் ஒப்புதல் இன்றியே பலவகை இனிப்புகளைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். அம்முறை அறத்துக்கு ஒவ்வாதது என்று பிற்காலத்தோர் கண்டித்தது முற்றும் சரியே. எனினும் 1954-இல் வெளிவந்த முடிவு உலகத்துக்குப் பயன்பட்டது. உணவோடு உண்ட சர்க்கரையால் பற்சொத்தை மிகக் குறைவாகவே கூடியது. உணவுக்கு இடையிடையே தின்ற, பல்லில் ஒட்டும் மிட்டாயே பெருங்கேடு விளைத்தது. அதன் பின்னர் அந்நாட்டில், குழந்தைகளுக்கு இனிப்பு சனிக்கிழமையில் மட்டும் என்னும் வழக்கம் வேரூன்றியது. தடையன்று, நாள் குறித்தல். அதுவே அவர்கள் கண்ட வழி.

“விழப்போகிற பால்பல்தானே” என்று ஆறுதல் கொள்வோரும் உளர். பாற்கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவை சொத்தையானால் வலியோடு, பின்வரும் பல்லின் இடமும் குலையும். மேலும், ஆறு வயதையொட்டி முதல் நிலைக்கடைவாய்ப்பல், எந்தப் பல்லும் விழாமலேயே, பாற்பற்களுக்குப் பின்னால் ஓசையின்றி முளைக்கிறது. பெற்றோர் பலர் அதனையும் பால்பல் என்றே எண்ணி விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதற்கும் உரிய பல் அது. ஆறு வயதுப் பிள்ளையின் வாயை இன்றிரவே விளக்கொளியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பல்லைக் கடந்து உடலின் கணக்குக்கு வருவோம். நாள் உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்புச் சர்க்கரையிலிருந்து வரலாகாது. இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு 1500 கலோரி உண்ணும் பிள்ளைக்கு, முதல் அளவு ஏறக்குறைய 37 கிராம். இரண்டாம் அளவு 19 கிராம். சாதாரணக் கடின மிட்டாய் ஒன்று நாலைந்து கிராம் எடையுள்ளது; அதில் பெரும்பகுதி சர்க்கரையே. ஆனால் 300 மில்லி கோலா பானம் ஒன்றிலேயே 30 கிராம் அளவில் சர்க்கரை அடங்கியிருக்கிறது. காலையும் மாலையும் பாலில் கலக்கும் மால்ட் மாவு, பள்ளிப் பையில் செல்லும் கிரீம் பிஸ்கட், பெட்டியில் விற்கும் பழரசம் இவையெல்லாம் ஆண்டு முழுவதும் குழந்தையின் வாய்க்குள் செல்பவை. இவற்றைக் கேள்வியின்றி விட்டுவிட்டு, ஒரு நாள் மிட்டாயின்மேல் பழியனைத்தையும் சுமத்துவது நீதியாகாது. அத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் இணைய அங்காடிகள் விற்கலாகாது என்று நடுவண் அரசு 2024-இல் தெரிவித்ததையும், பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகள் வைக்குமாறு நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2025-இல் பணித்ததையும் நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

“நாங்கள் சீனி சேர்ப்பதில்லை, வெல்லமும் தேனும்தான்” என்று பெருமைப்படும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வெல்லத்துக்கு மணமும் சுவையும் உண்டு. ஆனால் பல்லின்மேல் வாழும் நுண்ணுயிருக்கு அதுவும் சர்க்கரையே. கருப்பட்டியும் அக்கணக்கில் சேர்ந்ததே. இரண்டு வயதுக்குட்பட்ட மகவுக்கோ இவற்றுள் எதுவும் வேண்டுவதில்லை. பிரிட்டனில் சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில் நீங்கியது. பங்கீட்டுக் காலத்தில் கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் வளர்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது என்று 2024-இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருக்கிறது. நீரிழிவு பல தலைமுறையாகத் தொடரும் குடும்பங்கள் நம்மிடையே மிகுதி ஆதலால், இச்செய்தியை நாம் அலட்சியம் செய்யலாகாது.

ஒரு தவறான அச்சத்தையும் இங்கே நீக்கிவிடுவோம். இனிப்புத் தின்றால் பிள்ளைக்குத் தலைகால் தெரியாமல் துள்ளும் வெறி வரும் என்பது பெரும்பான்மைக் குடும்பங்களின் நம்பிக்கை. ஆராய்ந்து பார்த்தவர்களுக்கு அதற்குச் சான்று கிட்டவில்லை. வேடமும் தோழரும் இருட்டும் விளக்கும் கூடிய மாலையில் குழந்தை துள்ளாமல் வேறு என்ன செய்யும்?

அங்ஙனமாயின் செய்ய வேண்டுவது என்ன? பூட்டி வைத்தால் போதும் என்பர் சிலர். பூட்டு ஆசையை வளர்க்குமேயன்றிக் குறைக்காது. கண்முன்னே இருக்கும் தின்பண்டத்தைத் தடுத்து வைத்தால் குழந்தையின் நாட்டம் அதன்மேலேயே மிகுகிறது என்பதை அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 1999-இல் எடுத்துக்காட்டியது. நம் பாட்டிமார் ஆய்வின்றியே இதனை அறிந்திருந்தார்கள். உறியில் தொங்கும் வெண்ணெய்தானே கண்ணனை ஈர்த்தது! ஆகவே பூட்டும் வேண்டாம், கட்டவிழ்ப்பும் வேண்டாம். பின்வரும் ஒழுங்கை நேயர்கள் முயன்று பார்க்கலாம்.

பிள்ளை புறப்படுமுன் வயிறார உணவு கொடுத்து அனுப்புங்கள். பசித்த வயிறு வழியிலேயே பையைக் காலி செய்யும். திரும்பியதும் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, பையைக் கொட்டி, எல்லோரும் சுற்றி அமர்ந்து எண்ணுங்கள். எண்ணுவதும் வகை பிரிப்பதும் தின்பதில் பாதி இன்பம். உறை கிழிந்ததை அகற்றுங்கள். பால்கோவா வகை இருந்தால் அதனை மிட்டாயோடு சேர்த்து வைக்காமல், குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்நாள் வரை உண்ணலாம் என்று கடைக்காரர் எழுதிக்காட்ட வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் உள்ள விதி. வாங்கும்போது கேட்டுப் பெறுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்குமானால், உருண்டையான கடின மிட்டாயும் முழு நிலக்கடலையும் ரேவடியும் அதன் கைக்கு எட்டலாகாது. தொண்டையில் அடைத்தால் மூச்சு நின்றுவிடும். இதில் மட்டும் சலுகையே கூடாது.

அன்றிரவு உணவு முடிந்தபின் பிள்ளை விரும்பியதை விரும்பியவாறு தின்னட்டும். விழா நாளில் கணக்குப் பார்த்தால் விழா ஏது? பின்பு பல் துலக்கி உறங்கட்டும். எஞ்சியவற்றை ஒரு தகர டப்பாவில் இட்டு, அதன்மேல் குழந்தையின் பெயரை அவன் கையாலேயே தமிழில் எழுதச் செய்யுங்கள். மறுநாள் முதல், பகலுணவுக்குப் பின்போ இரவுணவுக்குப் பின்போ, ஒரே வேளையில் இரண்டு. எந்த இரண்டு என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும். இடைவேளையில் கேட்டால் “கிடையாது” என்று சொல்ல வேண்டுவதில்லை. “சாப்பாட்டுக்குப் பிறகு” என்று சொன்னால் போதும். முதல் இரண்டு நாள் அழுகை வரலாம். மூன்றாம் நாள் பழகிவிடும். அக்டோபர் 31-லிருந்து குழந்தைகள் தினம் வரை இரண்டு வாரம். நாளுக்கு இரண்டு எனில் 28 மிட்டாய். நவம்பர் 14 அன்று டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். முடியும் நாள் இன்னதென்று முன்னரே தெரிந்தால் குழந்தை ஏமாற்றம் அடையாது.

இவ்வொழுங்கு நிலைக்க இரண்டு விரதங்கள் தேவை. ஒன்று, அந்த டப்பாவைப் பரிசாகவோ தண்டனையாகவோ பயன்படுத்தலாகாது. “கணக்கை முடித்தால் மூன்று, குறும்பு செய்தால் ஒன்றுமில்லை” என்று தொடங்கினால், மிட்டாய் வீட்டின் நாணயமாகிவிடும். மற்றொன்று, பிள்ளை உறங்கியபின் தகப்பனார் அந்த டப்பாவைத் திறக்கலாகாது. காலையில் எண்ணிப் பார்க்கும் பிள்ளைக்குக் கணக்கு நன்றாகவே வரும்!

நம் வீட்டுக் கதவைத் தட்டும் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? பென்சிலை மட்டும் நீட்டினால் அவர்கள் முகம் வாடும். அது விருந்தோம்பல் ஆகாது. சிறு மிட்டாய் ஒன்று, வண்ணப் பென்சில் ஒன்று என்று கொடுக்கலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாயை உறையிட்டுக் கொடுத்து, இது எங்கள் ஊர்ப் பண்டம் என்று சொல்லலாம். ஆயின் நிலக்கடலை ஒவ்வாத குழந்தைகளும் உண்டு. கேட்டுக் கொடுப்பதே கடமை.

எஞ்சிய இனிப்பைப் பற்றி ஒரு சொல். பெட்டிகள் மிகுந்து, நாள் கடந்து, இனி நம் பிள்ளைக்கு ஆகாது என்று முடிவான பிறகு, அவற்றை வேலை செய்யும் அம்மாளிடமும் வாயிற்காவலரிடமும் தள்ளிவிடுவது நகரத்து வழக்கமாகிவிட்டது. அவர் வீட்டுப் பிள்ளைக்கும் பல் உண்டு. அப்பல் நொந்தால் மருத்துவரிடம் செல்ல அவருக்கு நம்மைப்போல் வசதியும் விடுமுறையும் இல்லை. கொடுப்பதாயின் விழா நாளன்றே, புதிதாக இருக்கும்போதே, நம் நண்பர்க்குக் கொடுப்பது போன்று கொடுப்போம். நமக்கு வேண்டாததைக் கொடுப்பது ஈகை ஆகாது. அதனைக் கண்டு வளரும் பிள்ளை கற்கும் பாடமும் நன்றன்று.

ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வரும்போது திருநெல்வேலி அல்வாவும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் உடன் வருகின்றன. ஆண்டுக்கொரு முறை பேரனைக் காணும் பாட்டியின் கையைத் தடுக்க எந்த மருத்துவ நூலும் நம்மைப் பணிக்கவில்லை. அவ்விழாவும் உணவோடு சேர்ந்த வேளையில் நடைபெறட்டும் என்று முன்னரே பணிவாகச் சொல்லிவிட்டால் மனக்கசப்பு எழாது. தீபாவளியன்று இனிப்புக்கு முன்னரே சுக்கும் மிளகும் சேர்ந்த லேகியத்தை நாவில் வைத்த தலைமுறை அது. அளவின் அருமை அவர்களுக்குப் புரியாதது அன்று.

நாம் அஞ்ச வேண்டியது அந்த ஒரு மாலையையும் அன்று. பாட்டியின் அல்வாவையும் அன்று. இருவரும் வேலைக்குச் சென்று களைத்துத் திரும்பும் நாளில், பிள்ளையோடு பேச நேரமின்றி, அவன் கையில் ஒரு மிட்டாயை வைத்து அமைதி வாங்குகிறோமே, அதனையே அஞ்ச வேண்டும். அம்மிட்டாய்க்கு நாளும் இல்லை, வேளையும் இல்லை, முடிவும் இல்லை. எந்நேரமும் இனித்திருக்கும் நாவுக்கு அதிரசத்தின் அருமையும் தெரியாது. பாகுப் பதம் பார்த்து, மாவைப் புளிக்க வைத்து, நம் வீட்டுப் பெரியவர்கள் சுட்டெடுக்கும் அப்பண்டம், கடைத்தெரு உறைமிட்டாய்க்கு முன்னே தோற்றுப்போவதை நாம் விரும்புகிறோமா?

ஆகவே, இவ்வாண்டு அக்டோபர் 31 மாலை கதவைத் திறந்து வையுங்கள். உங்கள் பிள்ளையையும் மகிழ்ந்து அனுப்புங்கள். ஒரு தகர டப்பாவை மட்டும் கழுவி ஆயத்தமாக வைத்திருங்கள்.